உள்சுவர்

பிப்ரவரி 3

அத்தானுக்கு,

அக்கா போனதிலிருந்து நீங்கள் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. முதலில் துக்கம் என்று நினைத்தேன். அடுத்து, காது மந்தம் என்று நினைத்தேன். இப்போது கொழுப்பு என்று நினைக்கிறேன். அதை எந்தப் பொருளில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பொருந்தும்.

கடிதம் எழுதும்படி சொன்னவன் உங்கள் மகன். “சித்தி, அப்பாவுக்குப் போன் பண்ணாதீங்க, லெட்டர் போடுங்க. போன் அடிச்சா அசையறதில்லை, தபால்காரர் வந்தா உடனே நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறாரு” என்றான். ஏன் என்று கேட்டேன். “அதை அவரையே கேளுங்க” என்று நழுவிவிட்டான். உங்கள் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் சொன்னான். நடந்தால் உங்கள் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதாம்; நின்றால் விட்டுவிடுகிறதாம்; மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறதாம். அதே காலின் கட்டைவிரலில் நகம் வெட்டும்போது பட்ட காயம் வாரக்கணக்கில் ஆறவில்லையாம். அவன் இதற்கு “வயசு” என்று பெயர் வைத்திருக்கிறான். வயது என்பது நோயின் பெயரன்று. நோயைத் தேட மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த சொல். அங்கே இரத்தம் போய்ச் சேரவில்லை என்பதே என் எண்ணம்.

மருத்துவரைப் பார்த்தீர்களா? அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்பதை நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் இரத்தக் குழாயின் சுவரைத் தவிர வேறெதையும் உருப்படியாகப் பார்த்தவள் அல்லள் நான். உங்கள் காலுக்கு இந்த ஒருத்தியாவது உறவில் இருக்கிறாள் என்று மகிழுங்கள்.

மச்சினி


பிப்ரவரி 14

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் காலைவிடக் காது அதிகமாக வலித்தது. திட்டுவதில் நீ மாறவே இல்லை, சந்தோஷம்.

வலி உண்மைதான். வலியைவிட அது வருகிற இடம்தான் பெரிய தொல்லை. வீட்டிலிருந்து புறப்பட்டால், பத்திரிகைக் கடைக்குப் பாதி வழியில், பெண்களின் உள்ளாடை விற்கும் கடையின் கண்ணாடிக்கு நேர் எதிரே கால் நின்றுவிடுகிறது. நானாக நிற்கவில்லை, கால் நிற்கிறது. தினமும் காலையில் ஒரு கிழவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றால் யார் சும்மா இருப்பார்கள்? கடைப்பெண் வெளியே வந்தாள்.

“ஐயா, யாருக்கு வாங்கணும்? சைஸ் தெரியுமா?”

“கால் வலிம்மா.”

“கால் வலிக்கு நாங்க ஒண்ணும் விக்கிறதில்லையே.”

மறுநாள் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள். இப்போது அதில் உட்கார்ந்துதான் போகிறேன். என் மானம் போய்ப் பல நாள் ஆயிற்று.

மருத்துவரைப் பார்த்தேன். நம் பையனைவிடச் சின்னவர். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார். கணுக்காலில் கையில் இருப்பதில் பாதிதான் இருக்கிறதாம். தொடைக் குழாய் சுருங்கியிருக்கிறதாம். மூன்று மாத்திரை கொடுத்தார்: பிரஷருக்கு, கொழுப்புக்கு, இரத்தம் கட்டாமல் இருக்க. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். “சிகரெட்டை இன்னிக்கே விட்டுடணும் சார்” என்றார். “இன்னிக்கா? இன்னிக்குக் கோட்டாவை இப்பதானே வாங்கினேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். “குழாய்ச் சுவரில் ஆக்சிஜனால் வரும் சிதைவு” என்றார். அதற்கு ஏதோ ஸ்ட்ரெஸ் என்று பெயரும் சொன்னார். அட, இது நம்ம தொழிலாயிற்றே! ரப்பர் தொழிற்சாலையில் கலவைப் பிரிவை நடத்தியவனிடமே இதைச் சொல்கிறார்! ரப்பர் குழாய் ஏன் வெடிக்கிறது? காற்றிலுள்ள ஆக்சிஜன் தின்று தின்று வெடிக்கிறது. அதற்கு நாங்கள் என்ன செய்வோம்? கலவை உருளையில் சுற்றும்போதே ஆக்சிஜனைத் தடுக்கும் மருந்தைச் சேர்ப்போம். சேர்த்தால் குழாய் நிற்கும். சேர்க்காவிட்டால் முதல் கோடையிலேயே வெடிப்பு விடும்.

ஆகவே கவலைப்படாதே, நானே வழி கண்டுவிட்டேன். மருந்துக்கடையில் விசாரித்து வைட்டமின் ஈ, வைட்டமின் சி இரண்டும் பெரிய டப்பாவாக வாங்கியிருக்கிறேன். அளவைத் தாராளமாகவே வைத்திருக்கிறேன். மருத்துவர் கொடுத்த மூன்றையும் நிறுத்திவிட்டேன். அந்தக் கொழுப்பு மாத்திரையால் தசையெல்லாம் வலித்தது. தவிர, ஒரே கலவையில் எல்லாச் சரக்கையும் கொட்டினால் எது வேலை செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? இதையும் தொழிலில்தான் கற்றேன்.

சிகரெட் குறைந்திருக்கிறது.

அத்தான்


பிப்ரவரி 23

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் உங்களுக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஆக்சிஜன்தான் குற்றவாளி என்று நீங்கள் பிடித்தது சரி. ரப்பர் வளைந்து இழுபடும் இடத்தில்தானே முதலில் வெடிக்கிறது? தமனியும் கிளை பிரியும் இடத்தில், இரத்தம் சுழித்து ஓடும் இடத்தில்தான் முதலில் கெடுகிறது. அதுவரை உங்களுக்கு முழு மதிப்பெண். அதற்கு மேல் பூஜ்ஜியம்.

நீங்கள் செய்த குழாய் செத்த பொருள். அதன்மீது வெளியிலிருந்து ஆக்சிஜன் பாய்கிறது. கலவையில் காவல் வைத்தால் போதும். உங்கள் தொடையில் இருப்பது உயிருள்ள குழாய். அதன் உட்புறத்தில், ஒரே ஒரு செல் கனத்தில், ஒரு படலம் விரித்திருக்கிறது. இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அது வெறும் பூச்சு என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வோம் என்று அக்காவுக்குக் காட்டியிருக்கிறேன். நீங்கள் அன்று வெளியே புகைத்துக்கொண்டிருந்தீர்கள். இறைச்சிக் கூடத்திலிருந்து தமனியைப் பனிக்கட்டியில் கொண்டுவந்து, மோதிரம் போல வளையம் வளையமாக வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் இரண்டு கொக்கிகளுக்கிடையே மாட்டுவோம். ஒரு மருந்தை விட்டால் வளையம் இறுகும். இன்னொன்றை விட்டால் தளரும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் முதல் வாக்கியம்: “உள்பக்கத்தைத் தொடாதே.” பஞ்சுக் குச்சியால் ஒரு முறை வருடினால் போதும், அந்தப் படலம் உரிந்துவிடும். அதன் பிறகு தளர்த்தும் மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் வளையம் தளராது. சில சமயம் இன்னும் இறுகிக்கொள்ளும். ஏனென்றால் “தளர்ந்துகொள்” என்று தசைக்குச் சொல்வது அந்தப் படலம்தான். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாக விடுகிறது. அந்த வாயு இருக்கும்வரை குழாய் விரியும், இரத்த அணுக்கள் சுவரில் ஒட்டா.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன். சிகரெட் புகை, உயர்ந்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு ஆகிய இவை சுவரைச் சீண்டும்போது, சுவரிலுள்ள நொதிகளே கொந்தளித்து, ஆக்சிஜனை அடங்காத ஒரு வடிவமாக மாற்றி வெளியே விடுகின்றன. அதன் பெயர் சூப்பராக்சைடு. அது நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட நொடியில் விழுங்கிவிடும். விழுங்கியபின் முன்னைவிட மோசமான ஒன்றாக மாறும். சுவருக்குள் புகுந்த கொழுப்பும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகும். அதைத் துப்புரவு செய்ய வரும் செல்கள் தின்று தின்று வீங்கி, அங்கேயே கிடந்துவிடும். உங்கள் தொடையில் இருக்கும் அடைப்பு இப்படி வந்ததுதான். வெளியிலிருந்து யாரும் வந்து கொளுத்தவில்லை, அத்தான். வீட்டுக்காரர்களையே சீண்டிச் சீண்டிக் கொளுத்த வைத்திருக்கிறோம்.

சரி, வைட்டமின் கொடுத்தால் அணையாதா? எல்லோரும் அப்படித்தான் நம்பினோம், நானும் நம்பினேன். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம் குறையவில்லை. சூப்பராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சந்திக்கும் வேகத்தில், நடுவே புகுந்து விலக்க உங்கள் டப்பாவால் ஆகாது. சீண்டுவதை நிறுத்துவது ஒன்றே வழி. நீங்கள் நிறுத்திவிட்ட மூன்று மாத்திரைகளில் இரண்டு அந்த வேலையைத்தான் செய்கின்றன. மூன்றாவது, குறுகிய இடத்தில் இரத்தம் உறையாமல் காக்கிறது. தசை வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார். நீங்களாக மாற்ற இது கலவைப் பிரிவு அன்று.

காயத்தின் நிறம் என்ன என்று எழுதுங்கள். “சிகரெட் குறைந்திருக்கிறது” என்பது, “திருட்டு குறைந்திருக்கிறது” என்பதைப் போன்ற வாக்கியம்.

ஏன் போனை எடுப்பதில்லை?

மச்சினி


மார்ச் 11

டாக்டரம்மாவுக்கு,

வகுப்பு நன்றாக இருந்தது. கடைசி பெஞ்சு மாணவன் நான்; புரிந்தவரை புரிந்தது.

காயத்தின் ஓரம் கறுத்திருக்கிறது. மாத்திரை போடவில்லை. ஸ்கேனுக்கும் போகவில்லை. வைட்டமினையும் நிறுத்திவிட்டேன், நீ சொன்ன பிறகு அது தொண்டையில் இறங்க மறுக்கிறது.

இனி நான் கேட்கிறேன், நீ பதில் சொல். உன் அக்கா ஒரு நாள்கூடப் பிரஷர் மாத்திரையை விடவில்லை. நீ எழுதிக் கொடுத்த நேரத்துக்கு, நீ சொன்ன மாதிரி, தண்ணீர் முழு டம்ளர் குடித்து. உப்பைக் குறைத்தாள். சாயங்காலம் நடந்தாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பேன். அவள் நடந்து முடித்து வந்து, “ஏங்க, எனக்குச் சேர்த்து நீங்க புகை விடுறீங்க, உங்களுக்குச் சேர்த்து நான் நடக்கிறேன், கணக்கு சரியாப் போச்சு” என்பாள். ஒரு காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைக்கப்போனவளுக்குக் கை போகவில்லை. வாய் கோணிற்று. மூன்றாம் நாள் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தவள் போய்விட்டாள். ஒன்றும் செய்யாத நான் உள்ளாடைக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது. இது என்ன விஞ்ஞானம், சொல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று வருடமாக யாரிடமும் கேட்கவில்லை. மருத்துவரிடம் கேட்டால் ஆறுதல் சொல்வார். பையனிடம் கேட்டால் அழுவான். நீ பொய் சொல்ல மாட்டாய்.

என் புகைதான் அவளைக் கொன்றதா?

அத்தான்


மார்ச் 20

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். கிழித்ததில் “இல்லை” என்று எழுதியிருந்தேன். அது அழகான வாக்கியமாக இருந்தது. ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். என்னைப் பற்றி இதுவரை நீங்கள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் குழாயின் உள்சுவரைச் சீண்டும். அது நிரூபணமான விஷயம். ஆகவே உங்கள் புகைக்கு அதில் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல இயலாது.

ஆனால் என் வாக்கியம் இங்கே முடியவில்லை. தயவுசெய்து கீழேயும் படியுங்கள். அக்காவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதே பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மாவும் அதே முறையில்தான் போனாள், அக்காவைவிடச் சிறிய வயதில். அந்த வீட்டில் புகைத்தவர் ஒருவரும் இல்லை. அக்கா பதினைந்து ஆண்டுகள் இரவுப் பணிச் செவிலியாக இருந்தாள். உறங்காத உடலிலும் சுவர் சீண்டப்படுகிறது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த அறிவியலாலும் ஆகாது. பல்லாயிரம் பேரை வைத்துக்கொண்டு பேசத் தெரிந்த எங்களுக்கு, ஒரே ஒருத்தியைப் பற்றிப் பேசத் தெரியாது. அந்த ஒருத்தி என் அக்கா என்றாலும் தெரியாது. “நான்தான் கொன்றேன்” என்று நீங்கள் சொன்னால், உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறீர்கள். என் மாணவர்களில் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மாத்திரை அவளைக் காப்பாற்றவில்லையே என்கிறீர்கள். மாத்திரை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வாய்ப்பைச் சற்று நம் பக்கம் சாய்க்கிறது, அவ்வளவே. அம்மா போன வயதைத் தாண்டி அக்கா ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். அவை மாத்திரையால் கிடைத்தவை என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில்தான் உங்கள் பேத்தி பிறந்தாள். அக்கா அவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தாள்.

அவள் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்த நாளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கொக்கியில் மாட்டிய வளையம் மெதுவாகத் தளர்வதைத் திரையில் ஒரு கோடு இறங்கிக் காட்டும். எல்லோரும் கோட்டைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் உப்புநீரின்மேல் குனிந்து வளையத்தையே பார்த்தாள். “பாவம்டி, இப்பதான் மூச்சு விடுது” என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி உங்களைப் பார்த்தாள். “அந்த மனுஷனுக்கும் உள்ளே இப்படித்தான் இருக்குமா? வெளியேதான் முரடு” என்றாள். நான் அன்று பதில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபின் சொல்கிறேன்: ஆமாம், அக்கா, ஒரே ஒரு செல் கனம்தான்.

ஓரம் கறுத்த காயம் காத்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கடிதத்தில் நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றுதான். தபால்காரர் இதைக் கொடுத்துவிட்டுப் போனதும் மகனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை இழந்துவிட்டால் அது அக்காவுக்குக் கட்டிய அபராதம் ஆகாது. வெறும் கால் இழப்புதான்.

மச்சினி


ஏப்ரல் 19

டாக்டரம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. உன் கடிதம் வந்த அன்றே போனேன். பையன் காரணம் கேட்டான். “உங்க சித்தி மிரட்டுறா” என்றேன். மறு கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டான். உன் பெயருக்கு இன்னும் மதிப்பிருக்கிறது.

தொடையில் ஊசியால் துவாரம் போட்டு, குழாய்க்குள் கம்பி விட்டு, சுருங்கிய இடத்தில் ஒரு சின்ன பலூனை ஊதினார்கள். “பலூன் ரப்பரா?” என்று கேட்டேன். “இல்லை சார், வேற பிளாஸ்டிக்” என்றார் சின்னவர். எனக்கு வருத்தம்தான். கட்டைவிரல் நுனி போய்விட்டது. கால் இருக்கிறது. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும் என்றார். அவர் இப்போதும் சிரிப்பதில்லை.

மூன்று மாத்திரையும் போடுகிறேன். கொழுப்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். தசை வலி இல்லை. ஆஸ்பத்திரியில் புகைக்க விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றைப் பற்றவைத்தேன். வராந்தாவில் அவள் நாற்காலி எதிரே இருந்தது. அணைத்துவிட்டேன். நாளைக்கு என்ன செய்வேன் என்று தெரியாது, இன்றைக்கு இல்லை.

“இல்லை” என்று நீ எழுதாததற்கு நன்றி. எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க மாட்டேன்.

போன் விஷயம். இரண்டு தடவை கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன். அவள் போன மறுவாரம் நீ கூப்பிட்டாய். எடுத்தேன். “ஹலோ” என்றாய். அவள்தான். உன் குரலும் அவள் குரலும் ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. அந்த ஒரு நொடி அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறாள், வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள் என்று எழுந்தேவிட்டேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம் நீ பேசத் தொடங்கினாய். அந்த நொடி மறுபடி வந்தால் என்னால் தாங்க முடியாது. உன்மேல் கோபமில்லை. எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அத்தான்


ஏப்ரல் 27

அத்தானுக்கு,

கால் இருக்கிறது என்ற வரியைப் பலமுறை படித்தேன். விரல் நுனியைப் பற்றி வருந்தாதீர்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் சாதித்துவிடவில்லை.

நீங்கள் போனை எடுக்காததற்கு இத்தனை காலமாக நான் கற்பித்த காரணங்கள் ஒவ்வொன்றும் என் தரத்துக்கு இழிவு. அவற்றைப் பட்டியலிட மாட்டேன்.

என் குரலை நான் மாற்றிக்கொள்ள இயலாது. உண்மையைச் சொன்னால், எனக்கே அது சங்கடம். காலியான அறையில் எதையாவது கீழே போட்டுவிட்டு “சே” என்றால் அக்கா என்னைத் திட்டியதைப் போலக் கேட்கிறது. நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். எழுபத்து நான்கு வயது விஞ்ஞானி ஒருத்தி, தன் குரலைக் கேட்டுத் தானே திரும்பிப் பார்க்கிறாள். இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வரும் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அழைக்கிறேன். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். எடுக்காவிட்டாலும் நான் வழக்கம்போலக் கடிதத்தில் திட்டுவேன். எடுத்தால் நீங்கள் பேச வேண்டியதில்லை. நானே ஏதாவது சொல்கிறேன்.

மச்சினி


மே 6

டாக்டரம்மாவுக்கு,

போனில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு முன்பே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிட்டேன், பாதுகாப்புக்கு. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப்போகிற சமயத்தில் எடுத்தேன்.

நீ ஹலோ சொல்லவில்லை. “அத்தான்” என்றாய்.

குரல் அவளுடையதுதான். கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் நாற்பத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட என்னை அத்தான் என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் “ஏங்க”தான். அந்த வார்த்தையால் என்னைக் கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். அதனால் நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். அவள் குரலில் நீ பேசினாய். வெயிலைப் பற்றி, உன் மூக்குக்கண்ணாடியைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. நான் ஒன்றும் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை உள்ளாடைக் கடையை நிற்காமல் தாண்டினேன். கடைப்பெண் வெளியே ஓடிவந்து, “என்ன ஐயா, உக்காராமப் போறீங்க? கோவமா?” என்றாள். கால் இப்போது அடுத்த தெருவில், பூட்டுக் கடை எதிரேதான் நிற்கிறது. கௌரவமான இடம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடு. ஹலோ மட்டும் சொல்லாதே.

அத்தான்